விடுமுறை முடியட்டும் என்று எதையெல்லாம் தள்ளிப்போடுகிறோம்?

கணக்குநோட்டு:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது. எட்டு வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் எழுந்ததும் விரல் நுனியில் ஊசி குத்தி, வரும் சர்க்கரை அளவை ஒரு சின்ன நோட்டில் எழுதிவைப்பேன். நேற்று அதன் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சென்ற விடுமுறைக் காலத்தில் ஒன்பது வரிகள் காலி. தேதியை முன்கூட்டியே எழுதியிருக்கிறேன், எதிரே எண் இல்லை. பத்தாவது நாள் 286.

அந்த ஒன்பது நாளும் கண்டபடி இனிப்புத் தின்றேனா என்றால், இல்லை. இரண்டு மூன்று முறை ஆளுக்கு ஒரு துண்டு என்று கொடுத்தபோது வாங்கிக்கொண்டதோடு சரி. மாறியது வேறு. வீடு நிறைய உறவினர்கள், இரவு ஒரு மணிவரை பேச்சு. எழுந்திருக்கும்போது ஒன்பது. காலை உணவுக்கு முன் போட வேண்டிய மாத்திரை பதினொன்றுக்குப் போனது. இரண்டு நாள் போடவே இல்லை. நடை நின்றுபோனது. சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் இருந்த அறையில் விருந்தினர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள், கதவைத் தட்டி எடுத்துவரக் கூச்சமாக இருந்தது. "விடுமுறை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த வருட விடுமுறைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்ற பட்டியல் எங்கும் கிடைக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நீங்கள் எதை விடாமல் பிடித்துக்கொள்கிறீர்கள்? எது உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது?

காலைநடை:

நல்ல கேள்வி, நண்பரே. என் கையை விட்டுப் போவது எடை.

விடுமுறையில் எல்லோருக்கும் மூன்று நான்கு கிலோ ஏறிவிடும் என்று சொல்லிக்கொள்கிறோம். அமெரிக்காவில் 195 பேரை விடுமுறைக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, 2000ஆம் ஆண்டில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக ஏறியது 0.37 கிலோ. அரைக் கிலோகூட இல்லை. தங்களுக்கு ஏறியதாக அவர்கள் நினைத்ததோ அதைப்போல நான்கு மடங்கு. இதைப் படித்ததும் முதலில் நிம்மதியாக இருந்தது. அடுத்த வரியில் அந்த நிம்மதி போய்விட்டது. ஏறிய அந்தக் கொஞ்சம், பிறகு வந்த மாதங்களில் இறங்கவில்லை. அப்படியே தங்கிவிட்டது. பத்து வருடம் பத்து விடுமுறை என்று கூட்டிப் பாருங்கள். நடுவயதில் பலருக்குத் தொப்பை வருவது இப்படித்தான் என்று நினைக்கிறேன், ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அளவில்.

அதனால் விடுமுறையில் எடையைக் குறைக்க வேண்டும் என்று நான் சபதம் எடுப்பதில்லை. ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று நாளுக்கு ஒருமுறை எடை மேடையில் ஏறி இறங்குகிறேன், அவ்வளவுதான்.

அடுப்படி:

இந்த மாதிரி விவாதங்களில் நான் பொதுவாக எழுதுவதில்லை. இன்று எழுதத் தோன்றுகிறது.

"எண்ணெயைக் குறையுங்கள், இனிப்பைக் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள்" என்று மருத்துவர் சொல்வது சாப்பிடுபவரிடம். அது வந்து சேர்வது சமைப்பவரிடம். ஒருவருக்கு உப்புக் குறைவாக, ஒருவருக்குக் காரம் இல்லாமல், பிள்ளைகளுக்குத் தனியாக. எல்லாம் சரி, செய்கிறேன். ஆனால் சமைப்பவரின் உடம்பைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்களா?

சென்ற வருடம் பண்டிகையன்று விடியற்காலை நாலரைக்கு அடுப்புக்கு முன் நின்றேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபோது மாலை மூன்றரை. அதுவரை நான் குடித்தது இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு டீயும். கழிப்பறைக்குப் போக நேரம் இருக்காது என்பதற்காகவே தண்ணீரைத் தவிர்த்தேன். பசி போய்விட்டிருந்தது. பிள்ளைகளின் தட்டில் மிஞ்சியதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கத் தொடங்கினேன். இரவு செருப்பைக் கழற்றியபோது அதன் வார் பாதத்தில் பதிந்து பள்ளமாக நின்றது, விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்பவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர்க் கடுப்பு, காய்ச்சல். வீட்டில் விருந்தினர் இருக்கும்போது எப்படிப் படுப்பது? ஐந்து நாள் கழித்துத்தான் மருத்துவரிடம் போனேன். அதற்குள் இடுப்பின் பக்கவாட்டில் வலி தொடங்கிவிட்டது. தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்றார் அவர்.

நீங்கள் சொன்ன அதே வாக்கியம்தான், ஐயா. விடுமுறை முடியட்டும்.

இரவுப்பணி:

அடுப்படி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

நான் அவசரப் பிரிவில் செவிலியாக 16 வருடங்களாக வேலை செய்கிறேன். விடுமுறை நாட்களில் பெரும்பாலும் எனக்கு இரவுப் பணிதான். அந்த இரவுகளில் நான் பார்ப்பதை இங்கே சொல்ல வேண்டும் என்று பல நாட்களாக மனதில் இருந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகை இரவுகளில் ஒரு குறிப்பிட்ட விதமான நோயாளி வருவார். விடியற்காலை மூன்று, நான்கு மணி. நல்ல உடை அணிந்திருப்பார், விருந்துக்கு அணிந்த அதே உடை. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், அவ்வளவு வியர்வை. உடன் வந்தவர்கள் "வாய்வுப் பிடிப்புத்தான், ஆனால் விடவே மாட்டேன் என்கிறது" என்பார்கள். எப்போது தொடங்கியது என்று கேட்டால், "ஒன்பது மணிக்கே லேசாக இருந்தது" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். ஏழு மணி நேரம்! அந்த ஏழு மணி நேரமும் அவர் விருந்தினர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார், படமெடுக்க நின்றிருக்கிறார், ஜீரண மருந்து குடித்திருக்கிறார். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது கலவரப்படுத்த மனம் வரவில்லை என்று என்னிடம் சொன்னவர் ஒருவரல்ல.

அவர்களில் ஒருவரை நான் மறக்க முடியாது. அறுபது வயதைத் தாண்டியவர். உயிர் பிழைத்தார். ஆனால் இரத்தம் போகாமல் இருந்த அந்த நேரத்தில் இதயத் தசையின் ஒரு பகுதி இறந்துவிட்டது. இறந்த இடம் தழும்பாகுமே தவிர, மறுபடி துடிக்காது. சில மாதம் கழித்து மருத்துவமனைப் படிக்கட்டில் அவரைப் பார்த்தேன். ஆறாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ஒன்பது மணிக்கே வந்திருக்கலாம், அம்மா" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமில்லை. ஸ்வீடன் நாட்டில் 1998 முதல் 2013 வரை பதிவான 2,83,014 மாரடைப்புகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளிவந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் மாரடைப்பு சுமார் 15 சதவீதம் கூடியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் மட்டும் 37 சதவீதம். அதிலும் இரவு பத்து மணியை ஒட்டித்தான் உச்சம். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் 75 வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை நோயோ இதய நோயோ ஏற்கெனவே உள்ளவர்களும். அமெரிக்க இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2004இல் வந்த இன்னொரு ஆய்வும் இதே நாட்களில் இதய மரணங்கள் கூடுவதைக் காட்டியது. மருத்துவ உதவியை நாடுவதைத் தள்ளிப்போடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அதை எழுதியவர்கள் கருதினார்கள். எங்கள் பிரிவின் வாசலில் நிற்பவர்களுக்கு அது புதிய செய்தி இல்லை.

ஆகவே, நெஞ்சில் யாரோ உட்கார்ந்து அழுத்துவதுபோல் கனம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி வருவதுபோன்ற உணர்வு, இவற்றில் எது வந்தாலும் "வாய்வு" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சுவாங்கலுமாக வரலாம். ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வந்து பார்த்து வாய்வுதான் என்று தெரிந்தால் நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். மனமார மகிழ்ந்து வீட்டுக்கு அனுப்புவோம்.

மது அருந்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1978இல் பிலிப் எட்டிங்கர் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் "விடுமுறை இதயம்" என்று ஒரு நிலைக்குப் பெயர் வைத்தார்கள். இதய நோய் எதுவும் வெளியே தெரியாதவர்கள் விடுமுறையில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்று வந்து சேர்ந்தார்கள். பலருக்கு ஒரு நாளில் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு அந்தத் தாறுமாறான துடிப்பில் இரத்தம் உறைந்து பக்கவாதம்வரை போகலாம். நெஞ்சு படபடப்பு அடங்காவிட்டால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுத்துவிடாதீர்கள்.

மூன்றாம்மாடி:

செவிலியர் அம்மாவுக்கு ஒரு கேள்வி. என் தாயாருக்கு இதயம் பலவீனம். சென்ற விடுமுறையில் ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தார், எட்டாம் நாள் இரவு படுக்க முடியாமல் மூச்சு முட்டியது. முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

இரவுப்பணி:

உண்டு. எடை பாருங்கள். காலை நடை நண்பர் சொன்ன மூன்று நாள் கணக்கு உங்கள் தாயாருக்குப் போதாது. தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்க முடியாது, அவ்வளவு வேகத்தில் கொழுப்புச் சேராது. அது தேங்கும் நீர். மூச்சு முட்டும் முன்பே மருத்துவரை அழைத்துவிடலாம். காலில் வீக்கம், இரவில் கூடுதல் தலையணை தேடுவது, இவையும் முன்னறிவிப்புகள்.

காரணம் பெரும்பாலும் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது நலமாக உள்ளவர்களுக்கே உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு. விருந்துச் சாப்பாட்டில் அது ஒரே வேளையில் தாண்டிவிடும். கடையில் வாங்கும் நொறுக்குத் தீனி இன்னொரு பக்கம். அவருக்கு நீர் பிரியும் மாத்திரை இருந்தால், விருந்தாளிகள் முன் அடிக்கடி எழுந்துபோக வெட்கப்பட்டு அதை விட்டுவிடுகிறாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள்.

மூன்றாம்மாடி:

கேட்டேன். ஆமாம் என்றார். வெளியே கிளம்பும் நாட்களிலும் போடுவதில்லையாம். எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. நன்றி அம்மா.

மருந்துப்பெட்டி:

மருந்துக் கடையில் நிற்பவன் நான். என் பக்கத்துச் செய்திகள்.

விடுமுறைக்கு முதல் நாள் மாலை வந்து "எல்லா மாத்திரையும் தீர்ந்துவிட்டது" என்பார்கள். மருத்துவர் ஊரில் இருக்க மாட்டார், சீட்டுக் காலாவதியாகியிருக்கும், சில மருந்து இருப்பில் இருக்காது. இன்றே எண்ணுங்கள். விடுமுறை நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு உபரியாக இருக்கட்டும். பயணம் போகிறவர்கள் மருந்தைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தில் சரக்கோடு போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. திறந்த இன்சுலின் பேனா பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்களுடையது எவ்வளவு என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அரைமணிகூட வைக்காதீர்கள்.

இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளை, உதாரணமாக அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்றவற்றை, திடீரென்று நிறுத்துவது அபாயம். அடக்கிவைத்திருந்த இதயத் துடிப்பும் அழுத்தமும் ஒரேயடியாக எகிறும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடுவதும் தவறு.

கணக்குநோட்டு ஐயாவுக்குத் தனியாக ஒன்று. மாத்திரையைப் போட்டுவிட்டு, விருந்து தாமதமாகிறது என்று இரண்டு மணி நேரம் பசியோடு காத்திருப்பது சில சர்க்கரை மாத்திரைகளில் மிக ஆபத்தானது. சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, எரிச்சல், பேச்சுக் குளறல். விருந்து வீட்டில் இதைப் பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள். 15 கிராம் சர்க்கரை, மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பது அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பேரன்பேத்தி:

எல்லோரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு 71 வயது. பன்னிரண்டு வருடம் எண்ணி எண்ணிச் சாப்பிட்டேன். விருந்துக்குப் போனால் தனி டப்பா. யாராவது நீட்டினால் கையை ஆட்டி மறுத்துவிடுவேன். ஒருமுறை என் பேத்தி, ஐந்து வயது, தான் கடித்த இனிப்பில் பாதியை என் வாய்க்கு அருகில் கொண்டுவந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அழவில்லை. அதன் பிறகு என்னிடம் எதையும் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். உடம்பைக் காப்பாற்றுவது எதற்காக என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். விடுமுறை என்பது சேர்ந்து உட்கார்வதற்கு. அந்தப் பாதித் துண்டு எனக்கு என்ன செய்துவிடும்?

கணக்குநோட்டு:

ஐயா, இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. பாதித் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். நானும் வாங்கிக்கொள்வேன். என் 286க்குக் காரணம் அந்தத் துண்டு இல்லை என்பதைத்தான் இந்த இழையின் தொடக்கத்தில் சொல்ல முயன்றேன்.

சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டபின் சேர்ந்து நடக்கவும் செய்யலாம் என்பது என் ஆசை. நியூசிலாந்தில் சர்க்கரை நோயாளிகள் 41 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2016இல் வெளியிட்டார்கள். நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். ஆக மொத்தம் அதே முப்பது நிமிடம்தான், பிரித்துக்கொண்டதில்தான் வித்தியாசம். வேலை செய்யும் தசை இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்கிறது, அதற்கு இன்சுலினைக்கூட அதிகம் எதிர்பார்ப்பதில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடங்கள், ஐயா. இனிப்பையும் அவள் கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேரன்பேத்தி:

இது எனக்குப் பிடித்திருக்கிறது.

இரட்டைப்பிள்ளை:

பிள்ளைகள் பேச்சு வந்ததால் ஒன்று. புது பொம்மை, ஒளிரும் அலங்காரப் பொருள், இசைக்கும் வாழ்த்து அட்டை, பலவற்றில் பொத்தான் பேட்டரி இருக்கிறது. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சதையைக் கடுமையாக அரித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. எச்சில் வடியலாம், சாப்பிட மறுக்கலாம், அவ்வளவுதான். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் ஒன்றே மருத்துவமனைக்கு ஓடப் போதும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. பொம்மையின் பேட்டரி மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்கிறதா என்று பிரித்த உடனே பாருங்கள்.

அடுப்படி:

சமைத்து மிஞ்சியதைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் சமைத்தவரைத்தான் கேட்பார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமி வேகமாகப் பெருகும். விருந்து நாளில் மேசைமேல் காலையிலிருந்து மாலைவரை திறந்திருக்கும் பாத்திரம் எவ்வளவு நேரம் அந்த இடைவெளியில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். "மறுபடி கொதிக்கவைத்தால் போதும்" என்று என் மாமியார் சொல்வார், நானும் நம்பினேன். சில பாக்டீரியா உணவில் விட்டுவைக்கும் நச்சு கொதித்தாலும் அழியாது. பெரிய பாத்திரத்தை அப்படியே குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருக்கும். அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சூடாக்கும்போது நடுவரை ஆவி பறக்கட்டும்.

இன்னொன்று. வயிற்றுப்போக்கோ வாந்தியோ நின்று இரண்டு நாள், 48 மணி நேரம், ஆகும்வரை அந்த ஆள் மற்றவர்களுக்குச் சமைக்கவும் பரிமாறவும் கூடாது. வயிற்றைப் பாதிக்கும் நோரோவைரஸ் என்ற கிருமி அப்படிப் பரவும். கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவம் அதற்குச் சரிவரக் கேட்காது, சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த 48 மணி நேரம் வேறு யார் சமைப்பது என்பதை விடுமுறைக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள் என்று ஆண்களையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டில் இந்த வருடம் பேசிவிட்டேன். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்றும் சொல்லிவிட்டேன்.

நீண்டபயணி:

அக்காவுக்கு என் வணக்கம். பயணம் போகிறவர்கள் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் காலின் ஆழத்தில் உள்ள இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பேருந்து, ரயில், கார், விமானம், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எழுந்து நடங்கள், முடியாவிட்டால் குதிகாலை ஏற்றி இறக்குங்கள். பயணம் முடிந்த சில நாளில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் நடையால் வந்த வலி என்று விட்டுவிடாதீர்கள். ஃப்ளூ தடுப்பூசி போட நினைப்பவர்கள் இப்போதே போடுங்கள், அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும்.

தனிவிளக்கு:

மூன்று நாட்களாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

எல்லோரும் வீடு நிறைந்திருப்பதால் வரும் சிக்கல்களை எழுதுகிறீர்கள். என் வீட்டில் இந்த முறை நான் மட்டும். மனைவி போய் ஏழு மாதம் ஆகிறது. மகன் தொலைவில் இருக்கிறான், இந்த முறை வர இயலவில்லை. எனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. காலையில் தண்ணீர் டம்ளரோடு அவள்தான் கொண்டுவந்து வைப்பாள். இப்போது சில நாள் போடுகிறேன், சில நாள் இல்லை. சாப்பாடும் அப்படித்தான். தெருவில் ஒலி கேட்கத் தொடங்கினால் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுகிறேன். பகலில் தூங்கி, இரவெல்லாம் விழித்திருக்கிறேன். இதற்கு இந்த இழையில் இடம் உண்டா என்று தெரியவில்லை.

இரவுப்பணி:

இடம் உண்டு, ஐயா. நீங்கள் எழுதியதற்கு நன்றி.

இழப்புக்குப் பிறகு வரும் முதல் விடுமுறை எவ்வளவு கனமானது என்பதை நோயாளிகளின் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். அதைச் சந்தோஷமாகக் கழிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். பகலில் திரையை விலக்கி வெளிச்சத்தில் சிறிது நேரம் இருங்கள், இரவுத் தூக்கம் திரும்புவதற்கு அதுதான் முதல் உதவி. மாத்திரையையும் ஒரு டம்ளரையும் இரவே மேசையில் எடுத்துவைத்துவிடுங்கள். அவர் வைத்த அதே இடத்தில். பசியில்லாமை, தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் அதற்கும் மருத்துவரைப் பாருங்கள், விடுமுறை முடியக் காத்திருக்க வேண்டாம். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, மகனையோ அவசர உதவியையோ உடனே அழையுங்கள். நள்ளிரவானாலும் மகன் எழுந்துகொள்வான்.

கணக்குநோட்டு:

ஐயா, எனக்கு ஒரு யோசனை. தினமும் காலை ஏழு மணிக்கு என் எண்ணை இங்கே எழுதுகிறேன். நீங்கள் மாத்திரை போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் வரி வராவிட்டால் நான் தனிச்செய்தி அனுப்பிக் கேட்பேன். என் எண் வராவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும். குளுக்கோமீட்டரை விருந்தினர் அறையிலிருந்து எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டேன், எனக்கு இனிச் சாக்கு இல்லை.

தனிவிளக்கு:

முயல்கிறேன்.

கணக்குநோட்டு:

ஏழு மணி. 148. நேற்று இரவு பன்னிரண்டுக்குத்தான் படுத்தேன்.

தனிவிளக்கு:

மன்னிக்கவும், ஏழேமுக்கால் ஆகிவிட்டது. மாத்திரை போட்டேன். ஜன்னலைத் திறந்திருக்கிறேன்.

கணக்குநோட்டு:

139. இரவு சாப்பிட்டபின் மைத்துனரும் உடன் நடந்தார்.

தனிவிளக்கு:

ஏழு மணி. போட்டேன்.

மூன்றாம்மாடி:

அம்மா எடை நேற்றைப்போலவே. நீர் மாத்திரை போட்டார். நாங்களும் இங்கே தினமும் எழுதலாமா?